மூணு நாள் காய்ச்சல்

மார்ச் 4

என் தம்பி பொண்டாட்டிக்கு, தம்பி போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு உறவாவே இருக்கிற என் கண்ணுக்கு,

தேதியை முதல்ல போட்டுட்டேன் பாரு. அஞ்சாவது வரைக்கும் படிச்சதுல எனக்கு மண்டையில நின்னது இது ஒண்ணுதான். தேதி போடலேன்னா எங்க வாத்தியார் காகிதத்தைக் கிழிச்சு மூஞ்சியிலயே விட்டெறிவாரு.

சாமி புண்ணியத்துல நாங்க நல்லா இருக்கோம். சிட்டு மட்டும் கொஞ்சம் வாடிக் கிடக்கா. முந்தாநாள் ஸ்கூல் விட்டு வந்ததுமே உடம்பு சுட்டுச்சு. பையைக்கூடக் கழட்டாம இஸ்திரி மேஜைக்கு அடியில போய்ச் சுருண்டுக்கிட்டா. தொட்டுப் பார்த்தேன். இருபது வருஷமா இஸ்திரி போடற கை, எனக்குத் தெரியாத சூடா? சாதாரணக் காய்ச்சல்தான். நீ அங்க உட்கார்ந்துக்கிட்டு வயித்துல புளியைக் கரைச்சுக்காதே.

அன்னைக்கே விளக்கு முன்னாடி நின்னு வேண்டிக்கிட்டேன். ஏழு நாளைக்கு ஒவ்வொரு விளக்கா ஏத்தறேன், என் புள்ளைக்குக் காய்ச்சலை இறக்கிக் கொடுன்னு. தீக்குச்சியை நான்தான் கிழிக்கறேன், ஆனா கணக்கு அவளோடது. "அத்தை, ரெண்டு ஆச்சு"ன்னு ரெண்டு விரலை மடக்கிக் காட்டறா. அஞ்சு வயசுக்கு என்ன விவரம்! அப்படியே அவங்கப்பன்.

நீ போன கடுதாசில எழுதினது இன்னும் தொண்டையில முள்ளாட்டம் நிக்குது. மேஜையிலிருந்து விழுந்து சிட்டுவுக்குக் கை ஒடிஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? வக்கீல் வீட்டுச் சட்டையை மடிச்சு வைக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். அதுக்குப் போய், "இன்னொரு தடவை ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தேன்னா, ஹாஸ்டலை விட்டு ரூம் எடுத்தாவது புள்ளையைக் கூட்டிட்டு வந்துடுவேன்"னு எழுதிட்டியே. மூணு வயசுல என் மடியில போட்டுட்டுப் போனே. புள்ளை பெறாதவளுக்குக் கடவுள் கொடுத்த புள்ளைன்னு நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறேன். அதை நீ தெரிஞ்சுக்கணும்.

கையில பனிக்கட்டி படாம பார்த்துக்கோ. இறால் கம்பெனியில எப்படிப் படாம இருக்கும், நான் ஒரு கூறு கெட்டவ.

உன் அண்ணி


மார்ச் 8

அண்ணி,

உங்க கடுதாசி நேத்து வந்துச்சு. கை மரத்துப்போயி, உறையைப் பல்லால கிழிச்சுத்தான் பிரிச்சேன். இந்த வாரம் இறால் லோடு மேல லோடா வருது. விடியறப்போ உரிக்க உட்கார்ந்தா இருட்டின பிறகுதான் எழுந்திருக்கோம். போனை எப்பவும் போல கேட்லயே வாங்கிப் பூட்டிடறாங்க. ஞாயித்துக்கிழமைதான் தருவாங்க, இந்த ஞாயிறும் வேலை வச்சுட்டாங்க.

சிட்டுக்கு இதுக்குள்ள சரியாகியிருக்கும். காய்ச்சல்தானே, மூணு நாள்ல தானா இறங்கிடும். கை ஒடிஞ்சப்போ லீவு எடுத்ததுக்கே சூப்பர்வைசர் இன்னும் முறைச்சுக்கிட்டுத் திரியறான். மறுபடி லீவுன்னு போய் நின்னா கேட்டுக்கு வெளியே தள்ளிடுவான். அதனால ஆஸ்பத்திரி அது இதுன்னு எனக்கு எழுதற மாதிரி வச்சுக்காதீங்க. பார்த்துக்கங்க.

முள்ளு அது இதுன்னு பெருசு பண்ணாதீங்க அண்ணி. கோவத்துல எழுதினது.

சிட்டுவுக்கு ஒரு முத்தம். ஏழு விரலும் மடக்கிட்டாளான்னு கேட்டேன்னு சொல்லுங்க.


மார்ச் 11

கண்ணு,

உன் கடுதாசி இப்பதான் கைக்கு வந்துச்சு. படிச்சதுமே பதில் எழுத உட்கார்ந்துட்டேன், இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம் காயுது.

முந்தாநாள் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டேன், உனக்குத்தான் சொல்லலை. சின்ன டாக்டர், மீசைகூட ஒழுங்கா முளைக்கலை. இது வைரஸ் காய்ச்சல், அஞ்சு நாளைத் தாண்டினா மறுபடி கூட்டிட்டு வாங்கன்னு சிரப் எழுதிக் கொடுத்தாரு. ஊத்திக்கிட்டு இருக்கேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கறதும் ஏறறதுமா இருக்கு. கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு, ஆனா பீளை இல்லை. உதடு வெடிச்சிருக்கு, வெண்ணெய் தடவறேன். நாக்கு, யாரோ சாயம் பூசின மாதிரி ஒரே சிவப்பு. விரல் நுனியில நகத்தை ஒட்டித் தோல் உரியுது. பழசு போயி புதுசு வருது, நல்லதுக்குத்தான்னு பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் சொல்றா.

ஏழு விளக்கும் முடிஞ்சது. நீ கேட்டேன்னு சொன்னேன், ஏழு விரலையும் மடக்கிக் காட்டினா. விரலை நீட்டறப்போ வலிக்குதுன்னா.

நீ நிம்மதியா வேலையைப் பாரு. நான் இருக்கேன்ல.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு இப்போது என்னோடு இருக்கிறாள். தொழிற்சாலைக்குப் பின்தெருவில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் மீன்கூடையின் வாடை வரும், அதனால் மூடியே வைத்திருக்கிறோம். காலையில் ஒரு மாத்திரை. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. ஐந்து வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தீர்கள். இதய டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டியபோதும் பக்கத்தில்தான் நின்றீர்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒரு இடத்தில் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது என்றார். சில குழந்தைகளுக்கு இந்தக் காய்ச்சல் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொள்ளும், பத்து நாளுக்குள் மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டால் பெரும்பாலும் இதயம் தப்பிவிடும் என்றார். "இவளுக்கு ஏழாம் நாளே ஏத்திட்டோம். ஏழு நாள்ல இவ்வளவு உப்பாதே, எனக்கே புரியலை" என்று நெற்றியைத் தடவினார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். உங்கள் மார்ச் நாலாம் தேதிக் கடிதம் கிடைத்தது. "முந்தாநாள் உடம்பு சுட்டுச்சு." அப்படியென்றால் இரண்டாம் தேதி. டிஸ்சார்ஜ் சீட்டில் காய்ச்சல் தொடங்கியது ஏழாம் தேதி என்று இருக்கிறது. மருந்து ஏற்றியது பதின்மூன்றாம் தேதி. சீட்டின்படி ஏழாம் நாள். உங்கள் கையெழுத்தின்படி பன்னிரண்டாம் நாள்.

ஏழாம் தேதி என்று அவர்களிடம் சொன்னது யார், அண்ணி?


ஏப்ரல் 6

கண்ணு,

நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கே. நீ இப்படி "இருக்கிறாள், வருகிறாள்"னு எழுதினா உள்ளுக்குள்ள கொதிக்கறேன்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா? தம்பி உயிரோட இருந்தப்போ அவன்கிட்ட சண்டை போட்டாலும் இப்படித்தான் சீட்டு எழுதி அடுப்பங்கரையில ஒட்டுவே. அவன் அதை எனக்குப் படிச்சுக் காட்டிச் சிரிப்பான்.

ஆஸ்பத்திரியில ஆயிரம் பேரு வராங்க, ஆயிரம் சீட்டு எழுதறாங்க. அவங்க எழுதற கிறுக்கல் அவங்களுக்கே புரியாது. யாரு என்ன எழுதினாங்கன்னு நான் எங்க போய்க் கண்டேன்? எனக்கும் அம்பத்திநாலு ஆகுது. காலையில உப்புப் போட்டேனா இல்லையான்னே நினைவு இல்லை. இதுல எந்த நாள் சூடு, எந்த நாள் சூடு இல்லைன்னு எப்படிச் சொல்றது? நடுவுல ஒருநாள் விட்டு வந்திருக்கும். விட்டு வந்தா அது புதுக் காய்ச்சல்தானே?

குத்தம் சொல்றதுன்னா எல்லாப் பக்கமும் சொல்லலாம். உன் மார்ச் எட்டாம் தேதிக் கடுதாசியும் என்கிட்ட இருக்கு. விளக்கு மாடத்துல வச்சிருக்கேன். "காய்ச்சல்தானே, மூணு நாள்ல தானா இறங்கிடும்." இது யாரு எழுதினது? "ஆஸ்பத்திரி அது இதுன்னு எனக்கு எழுதற மாதிரி வச்சுக்காதீங்க." இது யாரு எழுதினது? சீட்டைப் பார்த்தா புள்ளையைப் பிடுங்கிடுவேன்னு அதுக்கு முந்தியே மிரட்டினது யாரு? கடைசியில பிடுங்கிட்டுத்தானே போயிட்டே? பஸ்ல ஏறறப்போ சிட்டு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. நீ ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தே. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்.

அவ துணியை அனுப்பியிருக்கேன். மஞ்ச கவுனை மடிப்பு கலையாம போட்டு விடு. பட்டன் ஒண்ணு லூசா இருந்துச்சு, தைச்சிருக்கேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

கவுன் வந்தது. சிட்டு அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்து, "அத்தை வாசனை" என்றாள். அப்புறம் அழுதாள். அழவும் விடக்கூடாது, படபடப்பு கூடும்.

நான் எழுதியதை மறுக்கவில்லை. அந்த வரி எனக்கும் மனப்பாடம். ஆனால் அது உங்கள் கைக்கு வந்தது பதினொன்றாம் தேதி. நீங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது ஒன்பதாம் தேதி. என் தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள், அந்த வரிசையில் நான் நிற்கவில்லை.

உப்புப் போட்டது மறந்துபோகலாம். ஏழு விளக்கு மறந்துபோகாது. சிட்டுவிடம் கேட்டேன். "ஏழு விளக்கு முடிச்சப்புறம்தான் ஆஸ்பத்திரி போனோம்" என்கிறாள். ஏழு விரலையும் மடக்கிக் காட்டுகிறாள்.

இருபத்தெட்டாம் தேதி மறுபடி ஸ்கேன். அதற்குள் இதய டாக்டருக்குச் சரியான கணக்கு தெரிய வேண்டும். எந்த மருந்து, எத்தனை நாள், எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்வாராம். உங்கள் கடிதத்தை நானே நீட்டிவிடலாம். ஆனால் காய்ச்சல் நடுவில் விட்டதா விடவில்லையா, கண் என்றைக்குச் சிவந்தது, உதடு என்றைக்கு வெடித்தது, இதெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தது நீங்கள். நீங்களே போய், உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அதுவரை வேறு எதுவும் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 18

கண்ணு,

போய்ச் சொல்லிட்டேன்.

இதோட நிறுத்திக்கலாம்னு பார்த்தேன், முடியலை. நான் வாயாடி, உனக்குத் தெரியும். அந்த வாய் திறக்க வேண்டிய இடத்துல மட்டும் திறக்கலை.

காய்ச்சல் நடுவுல விடவே இல்லை. ஒருநாள்கூட விடலை. நாலாம் நாளே கண்ணு சிவந்துடுச்சு. ஏழு விளக்கு முடியட்டும், வேண்டுதலை நடுவுல விட்டா சாமி கோவிச்சுக்கும்னு இருந்தேன். எட்டாம் நாள் காலையில தூக்கிக்கிட்டு ஓடினேன். வரிசையில எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு, கைக்குழந்தையோட. சீட்டு எழுதற நர்ஸம்மா, "எத்தனை நாளா?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணு "பத்து நாள்"னா. உடனே நர்ஸம்மா எழுந்து நின்னுட்டா. "பத்து நாளா என்ன புடுங்கிக்கிட்டு இருந்தே? புள்ளையை வளர்க்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி புள்ளை?"ன்னு கத்தறா. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்குது. அந்தப் பொண்ணு குழந்தை முகத்துல தன் முகத்தை மறைச்சுக்கிட்டா.

அடுத்தது நான். "உனக்கு எத்தனை நாளா?"

மூணு நாள்னேன்.

யோசிச்சுச் சொல்லலை கண்ணு. வாயில வந்துச்சு. வளர்க்கத் தெரியாதவன்னு அவ சொன்னது என்னைத்தான்னு தோணுச்சு. பெத்தவளையே அப்படிக் கேட்டா, பெறாத என்னை என்ன கேப்பா? "மூணு நாள்தானா, வைரஸ்"னு அந்த மீசை முளைக்காத டாக்டர் அனுப்பிட்டாரு. எனக்கு அப்போ எவ்வளவு நிம்மதி தெரியுமா? யாரும் என்னைத் திட்டலையேன்னு நிம்மதி. வர்ற வழியில சிட்டுவுக்கு பலூன் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னும் இருக்கு. பன்னெண்டாம் தேதி மறுபடி போனப்போ லேடி டாக்டர் இருந்தாங்க. சிட்டு விரலைத் தூக்கிப் பார்த்தாங்க. "இவ்வளவு சீக்கிரம் தோல் உரியாதே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, ஆறு நாள்தானா?"ன்னாங்க. அப்பவாவது சொல்லியிருக்கலாம். முன்னாடி மூணுன்னு சொல்லியாச்சு, மாத்திச் சொன்னா முன்னாடி சொன்னது பொய்யாயிடுமே. "சாமி சத்தியமா ஆறு நாள்தான்"னேன். மடியில இருந்த சிட்டு, "அத்தை, ஏழு விளக்கு ஏத்தினோமே"ன்னு ஆரம்பிச்சா. "சும்மா இரு"ன்னு அவ வாயைப் பொத்தினேன். உதடு வெடிச்சிருந்த வாயி. வலிச்சிருக்கும்.

முந்தாநாள் இதய டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். செருப்பால அடிப்பாருன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். அவரு திட்டவே இல்லை. பைலைத் திறந்தாரு, ஏழுங்கறதைக் கோடு போட்டு அடிச்சாரு, பக்கத்துல பன்னெண்டுன்னு எழுதினாரு, அன்னைக்குத் தேதியைப் போட்டுக் கையெழுத்து வச்சாரு. "சொன்னதுக்கு நன்றிம்மா, அடுத்த ஆளை வரச் சொல்லுங்க"ன்னாரு. அவ்வளவுதான். திட்டிடுவாங்களேங்கற பயத்துல ஒரு புள்ளையோட நெஞ்சைக் கெடுத்துட்டேன், கடைசியில திட்டறதுக்குக்கூட ஆள் இல்லை.

விளக்கு ஏத்தறதை விட்டுட்டேன். தீக்குச்சியைக் கிழிச்சா, எண்ணறதுக்கு ஆள் இல்லை.

நீ திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. ஆனா அந்த நோட்டீஸ் தமிழ்ல திட்டாதே.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

நேற்று ஸ்கேன் முடிந்தது. குழாயின் உப்பல் குறையவில்லை. இன்னொரு குழாயிலும் சின்னதாக ஒன்று தெரிகிறதாம். உள்ளே ரத்தம் உறையாமல் இருக்க, மாத்திரையோடு இனி ஊசியும் உண்டு. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, தொடையில். போடுவதற்கு எனக்கே சொல்லிக்கொடுத்தார்கள். இறால் உரித்து மரத்துப்போன விரலால் முதல் ஊசியைப் போட்டேன். சிட்டு என்னைப் பார்த்து, "வலிக்கலைம்மா" என்று பொய் சொன்னாள்.

டாக்டரிடம் கேட்டேன். ஒன்பதாம் தேதியே எட்டு நாள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "அன்னைக்கே மருந்து ஏத்தியிருப்போம்" என்றார்.

உங்கள் முதல் கடிதத்தை அவர் வாங்கிப் பார்த்தார். தேதியைப் படித்துவிட்டு பைலில் சேர்த்துவிட்டார். திருப்பித் தர மாட்டார்களாம்.

திட்டச் சொன்னீர்கள். வரவில்லை. திட்டினால் உங்களுக்குப் பாரம் இறங்கும். இறங்க வேண்டாம். எனக்கும் இறங்காது. அந்த எட்டாம் தேதிக் கடிதத்தை மாடத்திலேயே வைத்திருங்கள்.

நீங்கள் வந்து பார்க்கலாமா என்று தையல்காரம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னீர்களாம். வேண்டாம். உங்களைப் பார்த்ததும் அவள் ஓடிவருவாள். அவள் ஓடக்கூடாது.

"அத்தை எப்ப வரும்?" என்று தினமும் கேட்கிறாள். முதல் நாள் யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். மூணு நாள்ல வரும் என்று.

மூன்று விரலை மடக்கி எண்ணி முடிக்கிறாள். மறுபடி கேட்கிறாள். மறுபடி அதையே சொல்கிறேன். விரல் நுனியெல்லாம் புதுத் தோல் வந்துவிட்டது. மடக்கினால் இப்போது வலிக்கவில்லையாம்.